கார் ஏன் நின்றது என்று கேட்ட அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்காக அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும்படி என் மனைவி சரோஜா சொன்னபோது, எல்லாருக்கும் தெரிந்த அக்காதானே, புதிதாக எழுத என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்து யோசித்தபோது வேறு மாதிரி தோன்றியது. சுங்கை பட்டாணியில் 'கல்யாணக் காடி அக்கா' என்றால் பலருக்கும் தெரியும்; காரை இங்கே காடி என்றுதான் சொல்வோம். ஆனால் அந்தப் பழைய காரை அவர் எப்படி ஓட வைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கும், மெர்போக்கில் பட்டறை வைத்திருக்கும் பாக் மாட் என்ற மலாய்ப் பெரியவருக்கும்தான் தெரியும். ஆகவே அதையே எழுதுகிறேன். அக்காவின் குணம் அதில் இருக்கிறது.

அக்கா பிறந்தது கோலா கெத்திலுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில். அவருக்கு ஏழு வயதானபோது நான் பிறந்தேன். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா மரம் சீவப் போக, அக்கா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு என்னையும் வீட்டையும் பார்த்துக்கொண்டார். பிறகு தோட்டத்திலேயே புல்லுக்கு மருந்தடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு முறை முதுகில் மாட்டியிருந்த பம்பு வேலை செய்யவில்லை என்று, மர வரிசைக்கு நடுவில் உட்கார்ந்து அதைக் கழற்றிப் பரப்பிவிட்டார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து திட்டிய திட்டு, நாங்கள் குடியிருந்த லயம் முழுக்கக் கேட்டது. அக்கா பம்பை மாட்டி, அடித்துக் காட்டினார். வேலை செய்தது. அன்றைய கூலியை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டதும் நாங்கள் சுங்கை பட்டாணிக்கு வந்தோம். அம்மா அங்கே அதிக நாள் உயிரோடு இருக்கவில்லை. அக்கா ஓய்வுபெற்ற ஒரு டாக்டரம்மா வீட்டில் சமையல் வேலைக்குப் போனார். டாக்டரம்மாவிடம் ஜெர்மன் நாட்டுச் சொகுசுக் கார் ஒன்று இருந்தது. கறுப்பு நிறம், உள்ளே தோல் இருக்கை, மரப்பலகை பதித்த முகப்பு. அப்போதே அதற்கு வயதாகிவிட்டது. கண் மங்கியதால் டாக்டரம்மாவால் ஓட்ட முடியவில்லை. வைத்திருந்த ஓட்டுநரும் நின்றுவிட்டார். ஓட்டக் கற்றுக்கொள்கிறாயா என்று அவர் அக்காவைக் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. சரி என்று சொல்லிவிட்டு, முதலில் பானட்டைத் திறந்து காட்டச் சொன்னாராம். இதை டாக்டரம்மாவே சிரித்துச் சிரித்து என்னிடம் சொன்னார்.

அக்காவுக்கு இரண்டு மூன்று வரன்கள் வந்தன. ஒன்றும் அமையவில்லை. ஏன் என்று நான் அவரைக் கேட்டதே இல்லை. என் படிப்பு, என் வேலை, என் திருமணம் எல்லாவற்றையும் அவர் தூக்கிச் சுமந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. கேட்டிருக்க வேண்டும்.

பல ஆண்டுகள் கழித்து டாக்டரம்மா ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். போகும்போது காரை அக்காவின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். பெயர் மாற்றும் வேலைகள் முடிய நாளானதால் நாலைந்து மாதம் கார் அந்த வீட்டு முற்றத்திலேயே நின்றது. வந்த உறவினர்கள் எல்லாரும் விற்றுவிடச் சொன்னார்கள். நானும் சொன்னேன். அந்தக் காருக்குச் சாமான் கிடைக்காது, கிடைத்தாலும் பொருந்தாது. அக்கா காரைக் கழுவி, மெழுகு தேய்த்து, முன்பக்கம் பூ கட்டி, கல்யாணப் பெண்களை அழைத்துப் போகும் தொழிலைத் தொடங்கினார். அதுவே அவருடைய சாப்பாடும் ஆயிற்று.

அந்தக் காரில் நாளுக்கு ஒன்று போகும். ஒரு சமயம் கதவுப் பூட்டுகள். அவை அந்தக் காரில் காற்றால் இழுபட்டுப் பூட்டுபவை. மெல்லிய குழாய்கள் கதவுக்குக் கதவு ஓடும். எங்கோ காற்றுக் கசிந்து நான்கு கதவும் பூட்டாமல் போனது. அக்கா ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கதவு ஓரமாக நகர்த்திக்கொண்டே போய், கசியும் இடத்தைக் காதாலேயே கண்டுபிடித்தார். இன்னொரு சமயம் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை வெடித்து மழைநீர் உள்ளே வந்தது. வெடித்த துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது எந்த ஊரு ரப்பர் பாலா இருக்கும்? நம்ம பக்கத்துல இருந்து போனதா இருக்குமா?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும். ஆனால் அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். ரப்பர் எப்படிப் பதப்படுத்தப்படுகிறது, ஏன் சில காலம் கழித்து வெடிக்கிறது என்று ஒரு வாரம் எல்லாரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தக் கல்யாண நாளைச் சொல்ல வேண்டும்.

குருண் என்ற ஊரில் முனியாண்டி அண்ணன் என்று ஒருவர். தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிப்பவர். மூத்த மகளின் திருமணத்துக்கு அக்காவின் காரைக் கேட்டார். வீடு குருணில், திருமணம் கோலா கெத்தில் கோயிலில். அதுவரை அக்கா எடுத்ததெல்லாம் சுங்கை பட்டாணிக்குள் பத்து, பதினைந்து நிமிடப் பயணங்கள்தாம். இது முதல் தூரப் பயணம் என்பதால் முதல் நாளே டாங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றி, டயர், பிரேக், தண்ணீர் எல்லாம் பார்த்து வைத்திருந்தார்.

காலையில் குருணிலிருந்து கிளம்பிய கார் சுங்கை பட்டாணியைத் தாண்டி நன்றாகத்தான் வந்தது. கோலா கெத்திலுக்குச் சிறிது தூரம் இருக்கும்போது, இருபுறமும் செம்பனை நிற்கும் சாலையில், இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. அக்கா என்ன செய்தும் உயிர் வரவில்லை. உள்ளே மணப்பெண், அவள் சித்தி. உறவினர்கள் வந்த வேன் முன்னால் போய்விட்டது. தொலைபேசியில் அழைத்து, அது திரும்பி வந்து, பட்டுப் புடவையும் மாலையுமாக அந்தப் பெண் சாலையோரம் இறங்கி வேனில் ஏறினாள். முகூர்த்தம் முடியும் தறுவாயில்தான் தாலி ஏறியது.

அக்கா கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் கார் ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. அதுதான் அவரை அதிகம் வதைத்தது என்று பிறகு சொன்னார். கோயிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று இறங்கினார். முனியாண்டி அண்ணன் பத்துப் பேர் முன்னால், குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அழகுக்கு வச்சிருக்கிற காடிய நம்பி பிள்ளைய ஏத்துனது என் தப்புமா. நீ போயிட்டு வா."

அக்கா சாப்பிடாமல் வீடு வந்தார். மறுநாளே ஒப்புக்கொண்டிருந்த திருமணங்களுக்கெல்லாம் வேறு கார்களை ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டார். ஏன் நின்றது என்று தெரியும்வரை ஒரு பெண்ணையும் ஏற்றுவதில்லை என்று முடிவு.

அப்புறம் ஏழு மாதம். பாக் மாட் பெட்ரோல் பம்பை மாற்றினார். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையில் அக்கா என்னையும் ஏற்றிக்கொண்டு குருண்வரை போய்த் திரும்புவார். சில நாள் நிற்காது. சில நாள் நிற்கும். நின்றால், கடிகாரத்தைப் பார்ப்பார், வெயிலா மழையா என்று பார்ப்பார், பெட்ரோல் முள் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொள்வார். நான் சாலையோரத்தில் லோரிகள் கிளப்பும் புழுதியில் நின்றுகொண்டிருப்பேன். வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை அது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் சத்தம் போட்டுவிட்டேன். அந்த இரும்பைக் கட்டிக்கொண்டு மானம் போனதுதான் மிச்சம், வெட்டி விற்கிறவனிடம் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. "விக்கணும்னா விக்கிறேன் தம்பி. ஆனா ஏன் நிக்குதுன்னு தெரியாம விக்க மாட்டேன். வாங்கறவன் பிள்ளையும் அதுல ஏறும்ல?" என்றார்.

அடுத்த ஞாயிறும் நான் அவருடன் போனேன்.

முடிச்சு அவிழ்ந்தது ஒரு மறதியால். ஒரு நாள் பெட்ரோல் ஊற்றிய அக்கா டாங்க் மூடியைக் காரின் பின்புறத்தில் வைத்துவிட்டு அப்படியே கிளம்பிவிட்டார். அது எங்கேயோ விழுந்து போனது. வேறு மூடி கிடைக்கும்வரை துணியைச் சுருட்டித் திணித்து ஓட்டினார். பார்த்த பாக் மாட், தீப்பிடித்துச் சாகப்போகிறாய் என்று திட்டினார். அந்த இரண்டு வாரமும் கார் ஒரு முறைகூட நிற்கவில்லை. குருணுக்கு இரண்டு முறை, கூலிமுக்கு ஒரு முறை போய் வந்தோம். கடைசியாக மாற்றிய காயில்தான் வேலை செய்கிறது என்று எல்லாரும் மகிழ்ந்தோம். பிறகு பாக் மாட், பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடையொன்றில் அதே மாதிரி மூடியைத் தேடி வாங்கி வந்து போட்டார். அடுத்த ஞாயிறு, குருணை நெருங்கும்போது கார் குலுங்கி நின்றது.

நான் பாக் மாட்டை அழைக்கத் தொலைபேசியை எடுத்தேன். அக்கா காரின் பின்பக்கம் போய், அந்தப் புது மூடியைப் பார்த்தபடி நின்றார். மெல்லத் திருகினார். புஸ்ஸென்று சத்தம் வந்தது. வந்து சாவியைத் திருப்பினார். கார் உடனே கிளம்பியது.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு மூடியில் ஒரு துளை போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். அக்காவுக்கு அந்தச் சத்தம் உள்ளேயிருந்து வெளியே வந்த காற்றா, வெளியேயிருந்து உள்ளே போன காற்றா என்று தெரிய வேண்டியிருந்தது. அடுத்த வாரம் வேண்டுமென்றே டாங்கை நிரப்பி, கார் நிற்கும்வரை ஓட்டினோம். நின்றதும், கையைத் துடைக்கும் மெல்லிய காகிதம் ஒன்றை என்னிடம் கொடுத்து, மூடிக்கு அருகே பிடிக்கச் சொன்னார். அவர் மூடியைத் திருகியபோது காகிதம் என் விரலிலிருந்து இழுபட்டு டாங்க் வாயில் ஒட்டிக்கொண்டது.

"உள்ள போகுது," என்றார் அக்கா. அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. நாற்பது வயதுக்குப் பிறகு ஒரு மனிதரின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

செய்தியைச் சொன்னதும் பாக் மாட் தலையில் அடித்துக்கொண்டு காரை ஜாக்கியில் தூக்கினார். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்ப டாங்குக்குள் காற்று போக வேண்டும். அதற்கென்று ஒரு சிறு குழாய் காருக்கு அடியில் இருக்கிறது. அது அடைத்தால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பு எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. சிறிது நேரம் சும்மா நின்றால் எப்படியோ கொஞ்சம் காற்று புகுந்து மறுபடி ஓடும். டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றே குறைவு. இன்னும் சீக்கிரம் நிற்கும். கல்யாணத்துக்காக அக்கா ஆசையாக நிரப்பிய பெட்ரோல்தான் அன்றைக்கு வழியில் நிறுத்தியது.

அக்கா ஒரு கம்பியை அந்தக் குழாயில் விட்டுக் குடைந்தார். மண் உதிர்ந்தது. கட்டி கட்டியாக, சுட்ட செங்கல்போல் இறுகிய மண். அதற்குள் காய்ந்துபோன சிறுசிறு சிலந்திகள். குளவிக்கூடு. டாக்டரம்மா வீட்டு முற்றத்தில் கார் சும்மா நின்ற அந்த மாதங்களில் ஏதோ ஒரு குளவி, குஞ்சுக்குத் தீனியாகச் சிலந்திகளையும் வைத்து, வீடு கட்டிவிட்டுப் போயிருக்கிறது.

அந்த மண்ணை அக்கா ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடினார். எதற்கென்று கேட்டேன். முனியாண்டி அண்ணனிடம் காட்ட வேண்டும் என்றார். வேண்டாம், அவர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார் என்று தடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை.

அப்படித்தான் ஆயிற்று, முதலில். குருண் வீட்டு இரும்புக் கதவைத் திறக்காமலே, என்ன விஷயம் என்று கேட்டார் அவர். அக்கா கம்பிகளுக்கு இடையே பாட்டிலை நீட்டினார். "அண்ணே, மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன். அதுக்கு முன்னாடி இத பாருங்க. இதுதான் அன்னைக்கு காடிய நிறுத்துனது."

அவர் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். மறுபடி பார்த்தார். "உள்ள என்னா இது, காலு காலா?" என்று கேட்டார். அக்கா சொல்லத் தொடங்கினார். இயந்திரத்தோடு வாழ்ந்த மனிதரல்லவா, நடுவில் இரண்டு கேள்வி கேட்டார். கதவு திறந்தது. அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்தபோது இருவரும் தரையில் காகிதம் விரித்து, டாங்கும் குழாயும் வரைந்துகொண்டிருந்தார்கள். மன்னிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. கிளம்பும்போது அண்ணன், அன்று பத்துப் பேர் முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். "நான் உங்க இடத்துல இருந்தா இன்னும் கூட சொல்லியிருப்பேன்," என்றார் அக்கா.

இளைய மகளின் திருமணத்துக்கு முனியாண்டி அண்ணன் அக்காவின் காரை எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் புதுக் காராகப் பார்த்துவிட்டார்கள். ஆனால் அழைப்பிதழைத் தாம்பூலத் தட்டில் வைத்து நேரில் வந்து கொடுத்தார். அதன் பிறகு அவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்.

அக்கா மறுபடி பெண்களை ஏற்றினார். அதற்கப்புறம் பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொழிலில் இருந்தார். அந்தக் காலம் முழுவதும் கார் வழியில் நின்றதில்லை.

பிறகு சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகத்தைத் தின்றது. வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் அந்தக் காரை நான் ஓட்டப் பழகினேன். எனக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் இருக்கும் நாள்களில் முனியாண்டி அண்ணன் தம் காரில் அழைத்துப் போவார். அக்காவுக்குக் கால்கள் வீங்கியிருந்தன. நீட்டி உட்கார வசதியாகப் பின்னால் ஏற்றினோம். முதல் நாள் முகம் வாடித்தான் ஏறினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னால் உட்கார்ந்து ஓட்டிய கார் அல்லவா.

மருத்துவ நிலையத்துக்குத் திரும்பும் முனையில் திடீரென்று, "நில்லு தம்பி," என்றார். பயந்துபோய் ஓரம் கட்டினேன். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல. டிக்குனு ஒரு சத்தம் வந்துச்சு. நீ இடது பக்கம் திரும்புனப்ப."

எனக்குக் கேட்கவில்லை. மறுபடி ஒரு கடை வரிசையைச் சுற்றி வரச் சொன்னார். நான்கு இடது திருப்பம், நான்கு முறை டிக் என்றது. இப்போது எனக்கும் கேட்டது. பின்னால் ஆள் இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் அந்தச் சத்தம் இல்லை. பெண்கள் ஏறிய நாள்களிலோ கல்யாணப் பேச்சில் அது முன் இருக்கைவரை எட்டியிருக்காது. அதனால்தான் ஓட்டுநர் இருக்கையில் இருந்தவருக்கு இத்தனை ஆண்டுகள் தெரியாமல் இருந்திருக்கிறது. "எத்தன பொண்ணுங்க இத கேட்டுகிட்டே போயிருக்குங்க. ஒருத்தியும் எங்கிட்ட சொல்லல பாரு," என்று வியந்தார்.

அன்றிலிருந்து மருத்துவ நிலையத்துக்குப் போவது வேறு விஷயமாகிவிட்டது. ஒரு நாள் வலது ஓரம் உட்கார்வார், ஒரு நாள் நடுவில். ஒரு நாள் கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், ஒரு நாள் சாம்பல் கிண்ணத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். கடை வரிசையை நாங்கள் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, மீ கோரெங் நூடுல்ஸ் விற்கும் கடைக்காரர் வழி தெரியவில்லையா என்று கேட்டார். தாதியர் தாமதத்துக்குக் கோபித்தால், அக்கா காரணத்தை விளக்குவார். உள்ளே போய்ப் படுத்ததும் அந்த இயந்திரத்தைப் பற்றிய கேள்விகள். எந்த மணி எதற்கு அடிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட நோயாளி இவர் ஒருவர்தான் என்று ஒரு தாதி என்னிடம் சொன்னார்.

கடைசி வாரம் அக்கா மருத்துவமனையில் இருந்தார். மூச்சு வாங்கியது. இறப்பதற்கு முதல் நாள் பிற்பகல், என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார். குனிந்து கேட்டேன். "பின் சீட்ட கழட்டிப் பாத்தா தெரியும். நீ கழட்டாத. ஒடச்சிடுவ. பாக் மாட்ட கூப்புடு," என்றார். மறுநாள் மதியம், நானும் சரோஜாவும் அருகில் இருக்கும்போதே, அமைதியாகப் போய்விட்டார்.

கருமக்கிரியை முடிந்த பிறகு பாக் மாட் வந்தார். இருக்கையைக் கழற்றினோம். அடியில் கொண்டை ஊசிகள், உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகள், சேலையில் குத்தும் ஊக்குகள், கறுத்துச் சுருங்கிய மல்லிகை, மஞ்சள் அரிசி, ஒற்றைத் தோடு ஒன்று. இரண்டு கை கொள்ளவில்லை. பாக் மாட் ஒரு துணியை விரித்து எல்லாவற்றையும் பொறுக்கி வைத்தார்.  பிறகு துடைத்து, திருகுகளை இறுக்கி, இருக்கையைப் பூட்டினோம். சரோஜாவைப் பின்னால் உட்கார வைத்து அந்தக் கடை வரிசையைச் சுற்றினேன். டிக் என்றது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஏழு மாதம் அக்காவின் கேள்விகளைத் தாங்கிய பாக் மாட்டுக்கும், தம் ஓய்வு நாள்களை எங்களுக்குக் கொடுத்த முனியாண்டி அண்ணன் குடும்பத்தாருக்கும், இரத்தச் சுத்திகரிப்பு நிலையத் தாதியருக்கும், ஆஸ்திரேலியாவிலிருந்து குரல் நடுங்கத் தொலைபேசியில் பேசிய டாக்டரம்மாவுக்கும், இறுதி நாளில் சமைத்தும் சுமந்தும் உடன் நின்ற எங்கள் தாமான் குடியிருப்பு மக்களுக்கும் எங்கள் வணக்கம். ஒற்றைத் தோட்டைத் தொலைத்தவர் வந்தால் கொடுத்துவிடுகிறோம்.

கார் வீட்டில்தான் இருக்கிறது. விற்கவில்லை. ஞாயிறு காலைகளில் நான் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில்தான் இருப்பேன். இந்த மலரைப் படிப்பவர்கள் யாரானாலும் வாருங்கள். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று இன்னும் தெரியவில்லை. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால்தான் அது கேட்கும்.